இருநூற்றுப் பதினேழாம் பை

கல்லுப்பட்டிக் கரிசல் என்றால் பையைப் பிரிக்கவே வேண்டாம்,
தூக்கினால் கை சொல்லிவிடும்.
ஈரம் தொட்டு உருட்டினால் மோதிரமாய் வளையும்,
ஒரு விரிசல் விழாது.
விரகனூர் வண்டல் நகக்கண்ணில் ஏறி
மதியச் சாப்பாட்டுக்கும் கூட வரும்.
கொட்டாம்பட்டிச் செவல் உருட்ட உருட்ட உதிரும்,
கடன் வாங்கியவன் சொல்லும் தேதி மாதிரி.

பதினோரு வருடமாக இதுதான் என் வேலை.
இடித்து, சலித்து, நான்காய்ப் பகுந்து
எதிரெதிர்ப் பங்கை வைத்துக்கொண்டு
மிச்சத்தைக் கொட்டுவது.
லேபின் பின்சுவரை ஒட்டி
மாவட்டமே ஒரு மேடாகக் கிடக்கிறது.
யாரும் விதைக்காத தக்காளி ஒன்று அதில் காய்த்திருக்கிறது.

கார்த்திகை இரண்டாம் வாரம் வந்தது அந்தப் பை.
ஜவுளிக்கடை மஞ்சள் பையில் அரைக் கிலோ
வெளுத்த மணல், கொஞ்சம் கறுத்த பாசி.
பெயர்: பெரியபுள்ளான். ஊர்: கருங்காலக்குடி.
நிலத்தின் பரப்பு என்ற இடத்தில்
‘ஒரு பாய் விரிக்கலாம்’ என்றிருந்தது.
எழுத்தர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

பெர்மாங்கனேட்டின் கத்தரிப்பூ நிறத்தோடு
மண்ணைக் கொதிக்கவைத்தால்
தழைச்சத்து அம்மோனியாவாகக் கிளம்பி
மறுமுனையில் சிவந்திருக்கும் அமிலத்தைப் பச்சையாக்கும்.
சம்பளத்தை விட்டுப் பார்த்தால்
அந்த நிறம் மாறும் கணத்துக்காகத்தான் இங்கே இருக்கிறேன்.
இருநூற்றுப் பதினேழு மாறவில்லை.
கண்ணாடியைக் கழுவி மறுபடி வைத்தேன்.
மாறவில்லை.
குழாயில் கசிவோ என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன்.
மூன்றாம் முறை ஒரு சாம்பல் தயக்கம், அவ்வளவே.
ஒன்றுமில்லாத மண்ணை
எதற்கு ஒருவர் இரண்டு பஸ் மாறிக் கொண்டுவர வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் ஏறினேன்.

“வயலுக்கென்ன, அது நல்லாத்தான் விளையுது” என்றார்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
பாறைமேல் எனக்கு முன்னால் ஏறியபடி.
ஆடு தேடிப் போனபோது கண்டதாம்.
பாறையின் இடுப்பில் தண்ணீர் கசியும் ஒரு மடிப்பு,
அதில் விரல்நீளச் செடிகள், சிவந்த நூல்கள்,
உச்சிவெயிலில்
ஒவ்வொரு மயிரிலும் ஒரு சொட்டு.
“பனின்னா பத்து மணிக்குப் போயிரும். இது போகல.
தொட்டா ஒட்டுது.
மண்ணுல என்னமோ இருக்கணும்ல?”

புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், அழுகண்ணி.
குனிந்தேன்.
ஒரு சொட்டுக்குள் கொசு,
கால் ஒன்று மட்டும் வெளியே இன்னும் ஆடியது.
பஸ்ஸில் சில்லறையை மூடும் கைபோல
அவசரமில்லாமல்
இலை சுருளத் தொடங்கியிருந்தது.

“மண்ணுல ஒண்ணுமே இல்லைங்க” என்றேன்.
“அதனாலதான்.”
அவர் சிரிக்கவில்லை. கொசுவையே பார்த்தார்.
“அப்ப இது அழுவுறது பசியிலயா?”

பசி என்ற சொல்லை லேபில் யாரும் பயன்படுத்துவதில்லை.
பற்றாக்குறை என்போம்.

திங்களன்று கணினி வழக்கம்போல்
ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்று தானாக நிரப்பியது.
ஒரு கைப்பிடி போதும்,
கோரையும் அருகும் அந்த மடிப்புக்கு ஏறிவிடும்.
வரியை அழித்தேன். கணினி ஒத்துக்கொள்ளவில்லை,
காலியாக விடக்கூடாத கட்டமாம்.
பூஜ்யம் அடித்தேன்.
பயிர்ப் பட்டியலில் நெல், கடலை, மிளகாய், மல்லி.
கடைசிக்கு இறங்கி ‘இதர’வைத் தொட்டேன்.

மிச்ச மணலைக் கொட்டப் போனவள்
தக்காளிக்கு முன் நின்றுவிட்டுத் திரும்பினேன்.
இப்போது அது சன்னலோரம் ஒரு தட்டில் இருக்கிறது,
நனைத்தபடி.
சலித்த மண்தான்.
ஆனால் அழுகண்ணி விதை தூசியைவிடச் சின்னது,
என் சல்லடை அதைப் பிடித்திருக்காது.