ரசமட்டம்

வண்டி நின்றதும்
முதலில் வெளியே வருவது ரசமட்டம்.
மேசையில் வைத்துவிட்டுக் குனிவேன்.
பச்சைத் தண்ணிக்குள் காற்றுக்குமிழ்
கோபித்த பிள்ளை மாதிரி
ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.
"முன் இடது" என்பேன்.
குணசீலன் மழைக்கோட்டோடு இறங்கி
சில்லுக்கு ஆப்பு வைப்பார்.
ஊரில் ஆளுக்காள் அடுத்தவனுக்கு ஆப்பு வைக்க
நாங்கள் எங்களுக்கே வைத்துக்கொள்கிறோம்,
சில நாளில் இரண்டு தரம்.

பங்குனியில் டோர்ட்முண்ட் வீட்டின் சாவியை
வாங்கியவர் கையில் வைத்தோம்.
ஆறு மீற்றர் தொண்ணூற்றொன்பது,
இனி இதுதான் அரண்மனை என்று சிரித்தோம்.
அந்த மிச்ச ஒரு சென்ரிமீற்றர் எங்கே என்று
தை மாதம் கத்தினேன்,
அவருடைய முழங்கையும் என்னுடைய தேத்தண்ணியும்
ஒரே நேரம் ஒரே இடத்துக்கு வந்தபோது.

எரிவாயு விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் முடியும்.
இரண்டு மணிக்கோ ஆறு மணிக்கோ
ஒருநாளும் முடிந்ததில்லை.
வெளியே சைபருக்குக் கீழே எட்டு.
யார் எழும்பிச் சிலிண்டர் மாற்றுவது?
இரண்டு பேருக்கும்
அந்த நேரம் பார்த்து ஆழ்ந்த நித்திரை.

சித்திரையில் ஒரு காலை
கதவைத் திறந்தேன்.
படியில் ஒரு வாத்து
வாடகை கேட்க வந்த மாதிரி நின்றது.
அதன் பின்னால் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி,
கொடிக்கு மேலே புகார்.
பல்லும் விளக்காமல்
ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபத்தாறு வருடம் அந்த வீட்டு யன்னலால்
எதிர்வீட்டு யன்னலைத்தான் பார்த்தேன்.
அதிலும் எப்பவும் திரை.

மாசியில் மோசல் நதிக்கரை.
ஊரின் பெயர் செல்.
ஜெர்மன்காரருக்கு அது வெறும் பெயர்,
தமிழ் தெரிந்தவருக்குக் கட்டளை.
ஊரே சொல்லியும் கேளாமல்
மூன்று நாள் நின்றோம்.
நாலாம் நாள் இரவு பதினொன்றரைக்கு
பக்கத்து வண்டி கெர்லிண்டே
நாயை ஒரு கையில் தூக்கிக்கொண்டு
மறு கையால் தகரத்தில் அடித்தாள்:
"வாசர்! வாசர்!"
இறங்கிய கால்
கணுக்கால்வரை நதிக்குள் நின்றது.
ஒரு கதிரை போனது.
ஆப்புகள் நாலும்
மஞ்சள் வாத்துகள் போல வரிசையாக மிதந்து போயின.

மேட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட் தரிப்பிடம்.
நல்ல சரிவு.
குளிர்ப்பெட்டி தானாகத் திறந்தது.
பருப்புப் பேணி முன்னுக்கும் பின்னுக்கும்
இரவெல்லாம் நடந்து திரிந்தது.
"வீடு வித்தது உங்கட யோசினை."
"கையெழுத்துக்குத் திகதி கேட்டது நீ."
பிறகு வேறு பழைய கணக்குகள்,
கலியாணத்துக்கு முந்தியதும் ஒன்று.
படுத்தோம்.
கால் மேட்டில், தலை பள்ளத்தில்,
உடம்பில் உள்ள இரத்தமெல்லாம் காதுக்குள்.
கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பி
ஒன்றும் கதையாமல்
தலையணை இரண்டையும் கால்மாட்டுக்கு மாற்றினார்.

காலையில் மகள் ஆரணி எடுத்தாள்.
"எங்க நிக்கிறியள் அம்மா?"
முந்தி "வீட்டில இருக்கிறியளோ" என்பாள்.
இருந்த ஆட்கள் இப்போது நிற்கிறோம்.
கால் உளையுமென்று நினைத்தேன்,
உளைகிறதுதான்.
"சரிவில நிக்கிறம்" என்றேன்.
அவள் ஊரின் பெயரென்று நினைத்து
வரைபடத்தில் தேடினாள்.

மத்தியானம் சோறு வைத்தேன்.
பானைத் தண்ணி சரிந்து நின்றதால்
ஒருபக்கம் கஞ்சி,
மறுபக்கம் பல்லில் நறுக்கென்று.
கொட்டப் போனேன்.
குணசீலன் கோப்பையை நீட்டி
விறைத்த பக்கத்தில் அள்ளினார்.
அவருக்கு அப்படித்தான் பிடிக்குமாம்,
எப்பவுமே.
இருபத்தொன்பது வருடமாக
நான் குழைய வைத்துக் கொடுத்திருக்கிறேன்.
"சொல்லியிருக்கலாமே?"
"நீ கேக்கேல்லை."

லாச்சிக்குள் ரசமட்டம்
சறுக்கி ஒரு பக்கம் போய் இடித்தது.
எடுத்துப் பார்க்கவில்லை.
குழைந்த பக்கத்தில்
இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.