நிமிடத்துக்கு ஒரு முறை

முதலில் தலையணை உறைதான் சொன்னது.
இடப்பக்கம் மட்டும்
ஒரு ரொட்டித் துண்டு அகலத்துக்கு ஈரம்.
வாயைத் திறந்து தூங்குகிறாய், வயசாகிறது என்றேன்.
ஹெபெர் பதில் சொல்லவில்லை.
அன்றிலிருந்து உறையை அவனே துவைத்தான்.

பிறகு சட்டைக் கழுத்து.
பிறகு ஒரு திங்கட்கிழமை,
நாளிதழின் இரண்டாம் டிவிஷன் கணக்கின்மேல்
ஒரு சொட்டு விழுந்து
மூன்று எட்டாகிப் போனது.

மோன்தேவீடியோவின் மண் மைதானங்களில்
இருபத்தாறு வருடம் நடுவராக ஓடியவன்.
எச்சில் அவனுக்குப் புதிதில்லை.
வேலி இடுக்கு வழியாகத் துப்பியிருக்கிறார்கள்.
சிவப்பு அட்டை வாங்கிய ஒருவன்
நெஞ்சுக்கு நேராகவே துப்பினான்.
சட்டைக் கையால் துடைத்துவிட்டு
விசிலை ஊதியவன் இவன்.

அதைச் சொல்லித்தான் தேற்றப் பார்த்தேன்.
"அது அடுத்தவன் எச்சில், நெலிடா,"
என்றான். "இது என்னுடையது."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரச் சுவரில்
ஒரே குடுவை, ஒரே உலோகக் குழல்.
மாத்தே கைமாறிக் கைமாறி வரும்.
யாரும் எச்சில் பார்த்ததில்லை.
எங்கள் ஊரில் குடுவையைத் திருப்பித் தரும்போது
'நன்றி' என்று சொல்லிவிட்டால்
எனக்குப் போதும் என்று அர்த்தம்.
முதல் சுற்றிலேயே நன்றி சொல்லி எழுந்து வந்தான்.
அடுத்த ஞாயிறு முழங்கால் வலி என்றான்.
அதற்கடுத்த ஞாயிறு
காரணம் சொல்லவும் சோம்பல்பட்டான்.

பேச்சுப் பயிற்சியாளர் யானினா
எங்கள் மகளைவிட இளையவள்.
"உமிழ்நீர் கூடவில்லை," என்றாள்.
"எல்லோருக்கும் ஊறுவதுதான் உங்களுக்கும்.
நாங்கள் நினைக்காமலே விழுங்கிவிடுகிறோம்.
உங்கள் தொண்டைக்கு நினைவூட்ட வேண்டும்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முப்பத்தெட்டு வருடத்தில்
சொல்ல வந்ததையெல்லாம் விழுங்கியது நான்தானே.

எலுமிச்சை மிட்டாய் வேண்டாம், புளிப்பு இன்னும் ஊற வைக்கும்.
கைக்குட்டையால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்;
தாடை ஏற்கெனவே புண்ணாகியிருக்கிறது.
வாய் திறந்து பேசுமுன் ஒரு தடவை விழுங்குங்கள்.
கன்னத்தில் போடுகிற ஊசி ஒன்று உண்டு,
சில மாதம் தாங்கும்,
சிலருக்கு வாய் வறண்டும் போகும்.
அதை டாக்டரோடு பிறகு பேசலாம்.

அப்புறம் ஒரு கைப்பட்டையை எடுத்துக் கட்டினாள்.
நிமிடத்துக்கு ஒரு முறை
மெல்ல அதிரும்.
புதிதாக வந்த லைன்ஸ்மேனைப் பார்ப்பதுபோல்
அதை ஏற இறங்கப் பார்த்தான் ஹெபெர்.

தலை நிமிர். உதடு மூடு. விழுங்கு.

டிவியில் முழு ஆட்டம் ஓட,
மடியில் நோட்டு, கையில் பென்சில்.
கோடுகள் நடுங்கி நடுங்கி விழுந்தன.
"எழுபத்தொன்று," என்றான் முடிவில்,
"காயத்துக்கு நின்ற நேரமும் சேர்த்து."
யார் ஜெயித்தது என்று கேட்டேன்.
பார்க்கவில்லையாம்.

எல்லா நாளும் எழுபத்தொன்று வராது.
மாலை நாலு மணிக்கு, மாத்திரை தேய்ந்து
முகம் சுவர்போல் ஆகிவிடும் நேரத்தில்
பட்டை அதிரும், அதிரும்,
யாரும் எடுக்காத தொலைபேசி மாதிரி.
நான் ஒற்றி எடுப்பேன்.
சில நாள் என் கையைத் தட்டிவிடுவான்.

போன வாரம் தாபரே வந்தான்,
அக்குளில் வெந்நீர்க் குடுவையோடு,
கூப்பிடாமலே.
முதல் மாத்தேயைத் தானே குடித்தான், முறைப்படி.
இரண்டாவதை ஹெபெரிடம் நீட்டினான்.
தாடையைக் கொஞ்சம் உள்வாங்கி, சின்னச் சின்ன மடக்காக,
சொல்லிக் கொடுத்தபடியே குடித்தான்.
ஆனாலும் குழலோடு ஒரு நூல் நீண்டு வந்தது.
கைக்குட்டை தேடிப் பாக்கெட்டுக்குள் கை போவதற்குள்
தாபரே குடுவையைப் பிடுங்கி
வெந்நீர் ஊற்றி
அதே குழலில் வாய் வைத்தான்.

"எனக்குச் சிவப்பு அட்டை காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா?
அன்றைக்கு என்னுடையது உன் சட்டையில்.
கணக்குச் சரியாப் போச்சு."

ஹெபெர் அவனையே பார்த்தான்.
"அந்த அட்டை
சரியான தீர்ப்புதான்,"
என்றான், மெதுவாக, விழுங்கிவிட்டு.

பட்டை அதிர்ந்தது.
எனக்கும் ஏனோ
தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.