ஆறு எண்ணும் நேரம்

அடிஸ் அபாபாவில் சூரியன் வந்த பிறகுதான்
மணி ஒன்று.
அதனால் அந்த வருடங்களில் எங்களுக்கு
ஊரடங்கு ஆறு மணிக்கு.
உங்களுக்கு அது நள்ளிரவு.

கெனெட் ஹோட்டலின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டுவார்கள்.
உள்ளே இருப்பவர் விடியும்வரை உள்ளேதான்:
குடிகாரர்கள், வேலை முடிந்த இரண்டு தாதிகள்,
வேவு பார்க்க வந்து
சொந்தக் காசில் குடிக்கத் தொடங்கிய ஒருவன்,
மேடையில் நாங்கள் ஐந்து பேர்.
எங்களிடம் பதினேழு பாட்டுதான் இருந்தது.
இரவோ நீளம்.
பாட்டை இழுத்தோம்.

மெங்கேஷாவின் அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும்.
உறையில் போட்டிருக்கிறது:
எழுதியதும் இசையமைத்ததும் அவரே.
பொய் என்று சொல்லமாட்டேன்.
சிகரெட் அட்டையின் பின்புறம் நான்கு வரி கொண்டுவந்தான்,
தெருக்குழாயில் தகர டின்னோடு நிற்கும் ஒருத்தியைப் பற்றி.
மெட்டு பாதி இருந்தது.

அதன் நிதானம் என் இடது மணிக்கட்டு.
சோதனைச் சாவடியில் துப்பாக்கிக் கட்டை பட்டு
வீங்கியிருந்தது,
வேகமாக அடிக்க வரவில்லை.
பாரிஸ்காரர் ஒருவர் பின்னாளில்
அதை ராஜநடை என்று எழுதினார்.
ஃபிக்ரெமரியாமின் பாஸ் கிட்டாரில் மூன்றே தந்தி.
நான்காவது ஒரு வாரச் சம்பளம்.
இருக்கிற மூன்றில், இருட்டில் மாடு அசைபோடுவதுபோல்
கீழேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

செலெக்கேவுக்கு மெங்கேஷா நூறு பிர் தரவேண்டும்.
அந்தக் கோபத்தில் சாக்ஸபோன்
ஒவ்வொரு வரிக்கும் தாமதமாகத்தான் பதில் சொல்லும்,
கூப்பிட்டும் திரும்பாத மனைவி மாதிரி.
கடன் தீர்ந்த மாதம் சரியான நேரத்துக்கு ஊதினான்.
பாட்டு படுத்துவிட்டது.
மெங்கேஷா மறுநாளே போய்
இருநூறு கடன் வாங்கினான்.

பிறகு ஹாகோப்.
அப்பாவுக்குச் செருப்புக்கடை, ஆர்மீனியர்கள்.
பகலெல்லாம் தோல் வெட்டிவிட்டு
இரவில் ஆர்கன்.
ஒருநாள் ஒன்பது மணிக்கு (உங்கள் மூன்று)
கட்டைகளின் மேலேயே தூங்கிப்போனான்.
முழங்கைக்கு அடியில் ஒரு சுரம் மாட்டிக்கொண்டு
நீண்டது, நீண்டது.
எழுப்பப் போனேன்.
மெங்கேஷா கையைக் காட்டித் தடுத்தான்.
அந்தச் சுரத்தின் மேல் ஏறி நின்று
சொல்லே இல்லாமல் பாடினான்.
நீங்கள் அழும் இடம் அதுதான்.

தூங்கியவனுக்கு எத்தனை சதவீதம் பங்கு?
எங்கள் நாட்டில் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம்.
முதலாளி பன்னிரண்டுக்குத்தான் கூலி கொடுப்பார்,
பதின்மூன்றாவதின் ஐந்து நாள் கணக்கில் வராது.
நாங்கள் அந்த ஐந்து நாள்.
இதைச் சொன்னால் ஃபிக்ரெமரியாம் கோபப்படுவான்:
பெருமை பேசாதே,
அன்றைக்கு வேறு யாராவது பாடியிருந்தால்
ஹாகோப்பைத் தட்டி எழுப்பியிருப்பார்கள்.
அதுவும் உண்மை.

ஸ்டாக்ஹோமில் பெரிய ஆட்களோடு அதை மறுபடி பதிந்தான்.
எல்லோரும் பிசகில்லாமல் வாசித்தார்களாம்.
பாதி ராத்திரியில் தொலைபேசி:
"மூன்றாவது வரியில் நாம்
என்ன தப்பு செய்வோம்?"
மேசையில் தட்டிக் காட்டினேன்.
நிமிடத்துக்கு இத்தனை குரோனா என்று
அவன் பக்கத்தில் யாரோ கத்தினார்கள்.

ஹாகோப் போன வருடம் மாரடைப்பில் போனான்.
அதிலிருந்து அந்த இடத்தில் மெங்கேஷா பாடுவதில்லை.
நான் ஆறு எண்ணுவேன், அரங்கம் மூச்சடக்கும்,
பத்திரிகைகள் தியானம் என்கின்றன.

சென்ற சனிக்கிழமை புதுப் பையன் ஒருவன்,
நல்லவன், இசைப்பள்ளியில் படித்தவன்,
அந்த இடைவெளியில் மெல்ல ஒரு சுரம் வைத்தான்.
மெங்கேஷா பாட்டை நிறுத்தினான்.
திட்டவில்லை.
பஸ்ஸில் இடம் பிடித்துவைத்தவன் சொல்வதுபோல் சொன்னான்:
"தம்பி, அங்கே ஆள் இருக்கு."

நான் அப்போது
ஐந்து வரை எண்ணியிருந்தேன்.