ஆறு அங்குலம்

இரவு இரண்டரை. மஞ்சக்குப்பத்தில்
நாய்களும் நானும்தான் விழிப்பு.
சில்லரை முடுக்குகிறேன்.
நாலு மாடியிலும் ஆளில்லை.
"நாற்காலிக்கெல்லாம் ஏசி போடுறியா?"
வாட்ச்மேன் சவரிராயன் சிரிக்கிறார்.

நாற்காலிக்கு இல்லை அண்ணே.
தலைக்கு மேலே ஆறு அங்குலம் கான்கிரீட்,
அதற்கு.
மெல்லத்தான் தின்னும். விடியும்வரை ஊட்டணும்.
கதவு திறந்தால் காற்று எல்லாவற்றையும் மறந்துவிடும்.
இது வாங்கிய குளிரை
மதியம்வரை மடியில் வைத்திருந்து
வட்டியில்லாமல் தரும்,
இந்த ஃபைனான்ஸ் கம்பெனியில்
வேறு யாரும் செய்யாத காரியம்.

பொய்க்கூரையைப் பிரித்த அன்று
மேனேஜர் தணிகாசலம் முகம் சுளித்தார்,
"பாதி கட்டின வீடு மாதிரி இருக்கே."
சென்ட்ரிங் பலகையின் ரேகைகள்,
பலகையில் யாரோ எழுதி
கண்ணாடி எழுத்தாய்ப் பதிந்த 'பூங்கொடி'.
அண்ணாந்து படித்தபடி
அன்று கிளார்க்குகள் வேலையே செய்யவில்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டால் இலவசம்தானே என்றார் ஆடிட்டர்.
கடலூர் ராத்திரிக் காற்று
கடலையும் தூக்கிக்கொண்டல்லவா வரும்.
ஒரு வாரம் திறந்து பார்த்தோம்.
கடன் பத்திரங்கள் அப்பளமாய் நமுத்தன.

காலையில் கட்டணம் ஏறும் நேரம்
இயந்திரத்தை உறங்கவிட்டு
நானும் உறங்கப் போவேன்.
ஒன்பதரைக்கு வரும் பர்வீன்
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
என்னைத் திட்டுவாளாம்.

கத்திரி வெயிலில் ஒரு நாள்
பதினோரு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை.
இன்வர்ட்டரில் நாலு விசிறி, பத்து கம்ப்யூட்டர்.
ஒரு மணிக்கும் இருபத்தேழைத் தாண்டவில்லை.
பர்வீன் எதேச்சையாய்ச் சாய்வதுபோல்
நடுத்தூணில் முதுகை ஒட்டினாளாம்.
கொஞ்ச நேரத்தில்
பாதி செக்‌ஷனுக்கும் தூணருகே ஏதோ வேலை இருந்தது.
இரண்டு மணிக்குக் கடல்காற்று வந்தது,
இரண்டேகாலுக்குக் கரண்டும்.
தணிகாசலம் ஜெனரேட்டர்காரனை மட்டும்
போனில் கூப்பிட்டார்.

எனக்கு இதைச் சொன்னது சவரிராயன்,
சம்பள நாளில், டீக்கடையில்.

வண்ணாரப்பாளையத்தில் என் வாடகை மாடிக்கும்
அதே ஆறு அங்குலம்தான்.
பகலெல்லாம் வெயில் தின்றுவிட்டு
லீவு ராத்திரிகளில்
மொத்தத்தையும் என்மேல் இறக்குகிறது.
கோபித்து என்ன செய்ய,
யார் ஊட்டியதோ அதைத்தானே தரும்.
நாலு வாளி தண்ணீர் சுமந்து
மொட்டைமாடியில் ஊற்றுகிறேன்.
உஸ்ஸென்று குடிக்கிறது.
ஐந்தாவது வாளிக்குக்
குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.