மீனுக்குத்தான் ஏலம்

மூணு நாளாகப் பேச்சில்லை.
கோழிக்கடையில் கேட்டு வாங்கிய குடலைக்
கறுப்பு கேரிப்பையில் தொங்கவிட்டுக்கொண்டு
வாசலில் நின்றான் ஒச்சு.
வா என்று சொல்லவில்லை. நின்றான்.

அடுப்பை அணைத்துவிட்டு
ஆணியில் கிடந்த கைவலையை எடுத்தேன்.
இறால் பிடிக்க
நூலை ஏற்ற ஓர் ஆள் வேண்டும்
வலையை நுழைக்க இன்னோர் ஆள்.
தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம் அவன்.
தம்பியின் ஆட்டோ லோனுக்குக்
கையெழுத்துப் போட்டதில்தான் பேச்சே நின்றது.

நெடுமடைக் கண்மாயில்
தண்ணீர் இன்னும் கலுங்கைத் தொடவில்லை.
அக்கரையில் நாலுவழிச்சாலை.
திருமங்கலம் போகும் லாரி ஒவ்வொன்றும்
தண்ணீரில் வெளிச்சத்தால் ஒரு கோடு கிழித்து
அதை அழித்துக்கொண்டும் போனது.

சேற்றில் நாலு கருவேலங்குச்சி நட்டான்.
குச்சிக்கு ரெண்டு முழம் நூல்.
நூல் நுனியில் குடல், குடலோடு ஒரு சைக்கிள் நட்டு.
நூல் என்னுடையது.
கப்பலூர் கம்பெனியில் காலர் தைக்கிற நூல்.
அதைச் சொல்லிக் காட்ட வாய்வரை வந்தது.

டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தால்
கலங்கலுக்குள் சிவப்பாய் ரெண்டு பொட்டு,
சர்வீஸ் பார்க்காத வண்டியின் பின்விளக்குபோல.
நூல் நகர்ந்தது.
மீன் மாதிரி வெடுக்கென்று இல்லை.
கொடியில் காயும் சேலையை
வாங்கலாமா வேண்டாமா என்று
யாரோ தொட்டுப் பார்ப்பதுபோல.

விரற்கடை விரற்கடையாக ஏற்றினான்.
உடம்பைவிட நீளமான கொடுக்கு, கருநீலம்.
அதன் முகத்துக்கு நேரே வலையை நீட்டினேன்.
ஒரு வால்வீச்சு.
குடல் மட்டும் ஆடியது.
என்னைப் பார்த்தான்.
திட்டவில்லை.
திட்டினால் அதுவும் பேச்சாகிவிடும்.

ரெண்டாவதும் போனது.

மூணாவதுக்குக் குனிந்தபோது கரையில் கம்பு தட்டும் சத்தம்.
காவல் மொக்கராசு.
‘யாரு? கண்மா ஏலம் போயிருச்சு, தெரியும்ல?’
ஒச்சு வாயைத் திறக்கவில்லை.
‘மீனுக்குத்தான ஏலம்?
எறாலுக்குமா எழுதியிருக்கு?’ என்றேன் நான்.
மொக்கராசு யோசித்தார்.
‘கட்லா இருக்கு, ரோகு இருக்கு. வெறால் இருக்கு.’
‘வெறால் வேற, எறால் வேற.’
‘அடியில இதரன்னு ஒரு வரி இருக்கு.’
‘இதரவுல எறால் வருமாண்ணே?’
‘அத தாசில்தார்ட்டத்தான் கேக்கணும்.’
பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு
போகிறபோக்கில் சொன்னார்:
‘பத்துக்கு மேல வேணாம்.’

இருட்டில் ஒச்சு சிரித்தானா,
தவளையா, தெரியவில்லை.
நூல் இழுபட்டது.
‘பின்னால வை’ என்றான்.
என்னிடம்தான்.
‘பயந்தா அது பின்பக்கமாத்தான் பாயும்.’

பின்பக்கமாக.
கையெழுத்தில் தொடங்கிய எங்கள் சண்டை
போன வருஷம் அடகுக்குப் போன சங்கிலிக்குப் பாய்ந்தது,
அங்கிருந்து அக்கா மகள் காதுகுத்தில் விட்டுப்போன மொய்க்கு,
அங்கிருந்து எங்கள் தலைதீபாவளிக்கு.
கொஞ்சம் விட்டிருந்தால்
பெண் பார்க்க வந்த அன்றைக்கே போய் நின்றிருக்கும்.

வலையை வாலுக்குப் பின்னே இறக்கிக் காத்திருந்தேன்.
குச்சி அசைந்தது.
தானாகவே வந்து விழுந்தது உள்ளே.
அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு கனம்.
வலைக்குள்ளும் நூலை விடவில்லை.
பிரிக்கப் போனவனின் ஆள்காட்டி விரலை
அழுத்திப் பிடித்துக்கொண்டது கொடுக்கு.
‘நல்லா வேணும்’ என்றேன்.
மூணு நாளில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

வாளியில் பதினொன்று சேர்ந்தது.
டார்ச்சடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து
வயிற்றில் முட்டை அப்பியிருந்ததை எடுத்தான்.
தண்ணீரில் விட்டதும்
அது முன்பக்கமாகத்தான் போனது,
நிதானமாக,
கொடுக்கை நீட்டி வழி தடவிக்கொண்டு.

வண்டியில் எங்களுக்கு நடுவே வாளி.
மூடிக்குள் பத்தும் பிறாண்டின.
டோல்கேட் வெளிச்சம் தாண்டும்போது சொன்னேன்:
‘செவ்வாக்கெழம குழுப்பணம் கட்டணும்.’
‘தெரியும்’ என்றான்.
அப்புறம் வெகுநேரம் கழித்து,
‘ஒன் நூலு நல்ல நூலு.’