விளிம்பு தெரியும் பெட்டி

ஸ்போகேன், பிப்ரவரி, விடுதியின் பின்கூடம்.
நாற்பத்தேழாம் மேசை என்னுடையது,
கழிப்பறைக் கதவை ஒட்டி, அதனால் வாடகை குறைவு.

ஆரின் ட்வெய்ட் கோதுமை விதைப்பவர்,
நிலம் உறைந்திருக்கும்போது மட்டும் வருவார்.
மேல்சட்டையின் உள்பையிலிருந்து
பழைய பெட்டியில் ஒரு வெள்ளி டாலரை எடுத்து
என் காதருகே ஆட்டினார்.
கிலுகிலு.

அந்தக் காலத்துப் பெட்டிகள் அப்படித்தான்.
அச்சில் ஒரு நூல் இடம் கூடிவிட்டது,
உள்ளே நாணயம் புரண்டு படுக்கும்.
வெள்ளைச் சட்டம் சுற்றிலும் இறுகப் போர்த்தியிருக்கும்.
முகம் தெரியும், முதுகு தெரியும்,
விளிம்பை மட்டும் மூடியவரோடு சரி.
மேலே பச்சைச் சீட்டு:
எழுபதுக்கு அறுபத்துநான்கு.

"புதுசுக்கு மாற்றலாமா?"

இந்தக் கேள்வி வந்தால் என்னை நிறுத்த முடியாது.
புதுப்பெட்டியை விளக்கடியில் சாய்த்துக் காட்டினேன்.
கண்ணாடிபோல் நான்கு விரல்கள்,
மோதிரம் கல்லைப் பிடிக்கிற பிடி.
விளிம்பின் வரிகளை எண்ணிவிடலாம்.
அடுக்கினால் சறுக்காமலிருக்க ஓரத்தில் வரம்பு.
கீறல் விழாது. விழும், மெதுவாக.
போட்டி நிறுவனத்துப் பெட்டியும் ஒன்று வைத்திருந்தேன்,
கறுப்பு வளையத்துக்குள் நாணயம் கிணற்றில் விழுந்ததாய்த் தெரியும்.
அதை நான் குறை சொல்வதில்லை.
சரி, சொல்கிறேன்.
பச்சையாய் வியர்த்துச் செம்பைத் தின்னும்
மெத்தென்ற பழைய உறைகளையும் திட்டிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

அவர் புதுப்பெட்டியைக் காதில் வைத்து ஆட்டினார்.
"சத்தமே இல்லையே."
அதுதான் அதன் பெருமை என்றேன்.
"டிராக்டரில் ரேடியோ செத்துப்போன வருஷம்
இது கூடவே வந்தது," என்றார்.
பிறகு, "உடையுங்கள்."

எண் இறங்கலாம் என்று எச்சரித்தேன். எழுதியும் வாங்கினேன்.
மூலையில் இடுக்கியின் ஒரு கடி,
தையல் நெடுகப் பிளவு ஓடியது.
சில்லுகள் விரிப்பில் தெறித்தன.
பக்கத்து மேசை மேவிஸ் ஓக்டன் தலை நிமிர்த்தினாள்,
இந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது.

விரல்நுனிகளால் விளிம்பில் பிடித்துத் திருப்பினேன்.
பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில் வரிகள் இல்லை.
பற்றவைத்த ஈயத்தின் சாம்பல் பொட்டு,
அதை மறைக்க ஓடிய அரத்தின் தடம்.
யாரோ ஒருத்தி கழுத்தில் தொங்கியிருக்கிறது,
எண் கொடுத்தவர்கள் எப்படிக் கவனிக்காமல் விட்டார்களோ,
முப்பது வருஷம் வெள்ளைச் சட்டம்
வாயைத் திறக்கவில்லை.

நானூறு டாலர் சொல்லியிருந்தேன்.
இனி நூறுக்கும் முகம் சுளிப்பார்கள்.
எந்தப் பெட்டியும் இதற்கு எண் தராது,
புதுப்பெட்டி நிச்சயமாகக் காட்டிக்கொடுக்கும்,
அதற்காகத்தானே அதை இவ்வளவு நேரம் மெச்சினேன்.

அவர் சில்லுகளைக் கூட்டி
மூலைக்கு மூலை பொருத்திப் பார்த்தார்.
"ஒட்ட முடியுமா?"
ஒலியால் உருக்கி மூடுவது, பசையால் ஆகாது என்றேன்.
பசையால் செய்கிறவர்கள் உண்டு,
அவர்கள் பெயர் வேறு.

கடைசியில் அறுபது சென்ட்டுக்கு
வட்டக் கூடு ஒன்று வாங்கினார், நகத்தால் திறக்கக்கூடியது.
அளவு முப்பத்தெட்டு போதும், நான் எடுத்தும் வைத்தேன்.
முப்பத்தொன்பது கேட்டார்.
பெரிதாயிருக்கும், ஆடும் என்றேன்.
"தெரியும்."

கூடத்தைப் பூட்டும் நேரத்தில் சில்லுகளைக் கூட்டித் தள்ளினேன்.
பச்சைச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
அதன் எண்ணைத் தேடிப் பார்த்தேன்.
நிறுவனத்தின் கணினியில்
அந்த டாலர் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது,
அறுபத்துநான்கு, குறையொன்றுமில்லை.
சீட்டைத் திருப்பியனுப்பினால் அழித்துவிடுவார்கள்.
தபால்தலை வாங்க வேண்டும்.