அக்டோபர் மழைக்கோட்டு

ஏப்ரலில் எண்பது கோட்டும் போதாது.
பாலத்தில் நிற்பவர் கீழிருந்து நனைவார்;
மழை மேல்நோக்கிப் பெய்யும் இடம் இது.

இப்போது அக்டோபர்.
சாம்பேசி ஜிம்பாப்வே பக்கம் ஒதுங்கிக்கொண்டது.
எங்களுக்கு வெறும் கரும்பாறை,
எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும் ஆழம் வரை.
முழங்கும் புகை, மோசி-ஓவா-துன்யா,
பலகையில் மட்டும்.

"அருவி எங்கே?"
டிக்கெட்டை நீட்டிக் கேட்கிறார் ஒருவர்.
இதுதான், சதை இல்லாமல், என்றேன்.
பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்,
அதுவும் என்னிடம்.

பதினான்காம் எண் கோட்டில்
பபூன் கிழித்த கை.
தைக்க உட்கார்ந்தேன்.
நலுமினோ வந்தான்,
பூங்காவில் காண்டாமிருகத்துக்குக் காவல் இருப்பவன்.
ராத்திரி அது தூங்கியதாம்.
இவன் துப்பாக்கியோடு
அதன் குறட்டையை எண்ணினானாம்.

"யானைகள் நடந்தே ஆற்றைக் கடந்தன.
குட்டிக்குக்கூட முழங்கால் நனையவில்லை."
சொல்லிக்கொண்டே
எழுபத்தொன்பது கோட்டையும் இழுத்துப் போட்டுப்
படுத்துவிட்டான்.
வாடகை கேட்கவில்லை.

கண் திறக்காமல்,
தரையில் காது அழுந்த,
"இன்னும் அதிருது" என்றான்.

நானும் கையை வைத்துப் பார்த்தேன்.
சூடுதான் இருந்தது.

நூலைப் பல்லால் அறுத்தேன்.